ஸ்பெக்ட்ரோ சொன்ன எண் ஃபர்னஸுக்குப் போக எது நல்ல வழி: நோட்டா, வாட்ஸ்அப்பா, எக்செல்லா, சாஃப்ட்வேரா?

உலோகத்தில் எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்கியாகிவிட்டது. ஏசி ரூம் போட்டாயிற்று, ஆர்கான் சிலிண்டரும் வந்து இறங்கிவிட்டது. அதற்கு அப்புறம் வரும் கேள்விக்குத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. மெஷின் சொல்லும் எண், ஃபர்னஸ் மேடையில் நின்று உலோகத்தை உருக்கும் மெல்டருக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும்? அதே எண் ஆறு மாதம் கழித்து எங்கே தேடினால் கிடைக்க வேண்டும்? மதுரையில் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் பவுண்டரி (வார்ப்பாலை) நடத்துபவர்களோடு பேசும்போது இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. பாதிப் பேர் எடுத்த எடுப்பிலேயே "நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்பார்கள். சாஃப்ட்வேர் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

நான் மனதில் வைத்திருப்பது இப்படி ஒரு பவுண்டரியை: அரை டன், ஒரு டன் இண்டக்ஷன் ஃபர்னஸ், ஒரு நாளைக்குப் பத்திலிருந்து இருபது ஹீட் (ஃபர்னஸில் ஒருமுறை உருக்குவது ஒரு ஹீட்), கிரே அயர்னும் (சாதாரண வார்ப்பிரும்பு) எஸ்ஜி அயர்னும் (மெக்னீசியம் சேர்த்து கிராஃபைட்டை உருண்டையாக்கிய வார்ப்பிரும்பு) கலந்து ஓடும், ஷிஃப்டுக்கு ஒரு கெமிஸ்ட். ரோலிங் மில்லுக்கும், வெளியாருக்கு டெஸ்ட் செய்து கொடுக்கும் லேபுக்கும் கணக்கு வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

லேப் எண்ணுக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று நிமிடக் கணக்கு. ஃபர்னஸில் உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே எண் வந்தால்தான் கார்பன் ஏற்றும் கார்புரைசரோ சிலிக்கான் ஏற்றும் ஃபெரோ சிலிக்கானோ எவ்வளவு போடுவது என்று முடிவு செய்ய முடியும். இன்னொன்று மாதக் கணக்கு. ஓசூரிலிருந்தோ கோவையிலிருந்தோ கஸ்டமர் ஒரு மெயில் போடுவார்: இந்த ஹீட் நம்பர் போட்ட காஸ்டிங்கை (வார்ப்பை) மெஷினில் கடையும்போது டூல் உடைகிறது, அந்த ஹீட்டின் கெமிஸ்ட்ரியும் (தனிமங்களின் அளவும்) முன்பின் இரண்டு ஹீட்டின் கெமிஸ்ட்ரியும் அனுப்புங்கள் என்று. முதல் வேலைக்கு வேகம் வேண்டும். இரண்டாவதற்கு, தேடினால் உடனே கிடைக்க வேண்டும். பவுண்டரிகளில் புழங்கும் வழிகளில் பெரும்பாலானவை ஒரு வேலையைச் செய்யும், இன்னொன்றைக் கோட்டைவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பெக்ட்ரோவோடு ஏற்கெனவே வந்த சாஃப்ட்வேரை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். அதிலிருந்து எண் நேராக ஃபர்னஸ் பக்கம் ஒரு திரைக்குப் போகட்டும். கையால் எழுதும் ஹீட் ரிஜிஸ்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் எந்த வழியை எடைபோட்டாலும் பிடித்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: மெஷினை விட்டு வெளியே வந்த பிறகு அந்த எண்ணை மனிதர்கள் எத்தனை முறை திரும்ப எழுதுகிறார்கள், திரும்பச் சொல்கிறார்கள்? அந்த எண்ணிக்கை குறையக் குறைய வேகமும் கூடும், தப்பும் குறையும்.

முதலில் நிமிடம் எங்கே போகிறது?

காப்பர் மோல்டில் ஊற்றிய, நாணயம் போன்ற காயின் சாம்பிள் இறுக வேண்டும், குளிர வேண்டும், லேபுக்கு வர வேண்டும். கிரைண்டரில் முகம் தேய்த்து, ஸ்டாண்டில் வைத்து, இரண்டு மூன்று பர்ன் (மின்பொறி) கொடுத்து சராசரி பார்க்க வேண்டும். எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஐந்தாறு நிமிடம். கிரே அயர்ன் சாம்பிள் உள்ளே முழுக்க வெள்ளையாக இறுகியிருக்க வேண்டும். கிராஃபைட் பிரிந்துவிட்டால் ஸ்பெக்ட்ரோ காட்டும் கார்பனை நம்ப முடியாது, திரும்பவும் சாம்பிள் எடுக்க வேண்டியதுதான். அந்த ஐந்தாறு நிமிடம் அப்படியே இரட்டிப்பாகிவிடும்.

காத்திருப்பதன் செலவு கரன்ட் பில்லோடு நிற்பதில்லை. சிலிகா லைனிங் போட்ட ஃபர்னஸில் உலோகம் 1,450 டிகிரிக்கு மேல் நிற்க நிற்க, கார்பன் அந்த சிலிகாவோடு வினைபுரிந்து தான் குறையும், சிலிக்கானை ஏற்றிவிடும். அதாவது பதினைந்து நிமிடம் முன்னால் எடுத்த சாம்பிளின் எண், இப்போது ஃபர்னஸில் இருக்கும் உலோகத்தின் எண்ணாக இருக்காது. எஸ்ஜி அயர்னில் இன்னும் அவசரம். மிச்சமிருக்க வேண்டிய மெக்னீசியம் 0.03 முதல் 0.05 சதவீதம்தான், அதுவும் நேரம் போகப் போக மங்கிக்கொண்டே வரும். மெக்னீசியம் சேர்க்கும் ட்ரீட்மென்ட் முடிந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஊற்றி முடித்தாக வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கும் பவுண்டரிகள் பல.

அதனால் எதையும் வாங்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு சாம்பிளோடும் ஒரு சீட்டில் நான்கு நேரம் எழுதச் சொல்லுங்கள்: சாம்பிள் எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம், ரிசல்ட் திரையில் வந்த நேரம், மெல்டர் கையில் எண் கிடைத்த நேரம். முதல் இரண்டுக்கும் நடுவில்தான் அதிக நிமிடம் போகிறது என்றால் உங்களுக்குத் தேவை சாஃப்ட்வேர் இல்லை; லேபை ஃபர்னஸ் பக்கம் கொண்டுவருவதும், சாம்பிள் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆளை உறுதி செய்வதும்தான். பெரிய உருக்காலைகளில் காற்றழுத்தக் குழாய் வழியாக சாம்பிளை லேபுக்கு அனுப்புவது இதற்காகத்தான். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இடைவெளி பெரிதாக இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

வாய்ச்சொல்லும் நோட்டும்

செலவே இல்லாத வழி. கெமிஸ்ட் திரையைப் பார்த்து நோட்டில் எழுதுவார், இன்டர்காமிலோ செல்போனிலோ மெல்டரிடம் சொல்வார், மெல்டர் அதை ஃபர்னஸ் லாக்கில் எழுதிக்கொள்வார். ஓர் எண்ணை இரண்டு பேர் எழுதுகிறார்கள், ஒரு முறை வாயால் சொல்கிறார்கள். ஆக மூன்று இடத்தில் தப்பு நுழையலாம்.

அதில் மோசமானது அந்த வாய்ச்சொல்தான். பக்கத்தில் வார்ப்பை மணலிலிருந்து உதறி எடுக்கும் ஷேக்அவுட் ஓடுகிறது, மேலே ஃபேன் இரைகிறது, கெமிஸ்ட் "கார்பன் மூணு பதினஞ்சு" என்கிறார். முன்பாதி சத்தத்தில் அமுங்கி, மெல்டர் காதில் "மூணு அஞ்சு" என்று விழுகிறது. அந்த ஹீட் எஃப்ஜி 260 என்ற கிரே அயர்ன் கிரேடு, கார்பன் குறி 3.30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் இருப்பது 3.15, கார்புரைசர் போட வேண்டிய இடம். மெல்டர் மனதில் இருப்பதோ 3.50. குறைக்க வேண்டும் என்று அரை டன் உலோகத்தில் 30 கிலோ ஸ்டீல் ஸ்க்ராப் போடுகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கார்பன் 2.98-க்கு இறங்கிவிடும். மெல்லிய பகுதிகள் வெள்ளையாக இறுகி, மெஷின் ஷாப்பில் இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) உடையும்போதுதான் விஷயம் வெளியே வரும். கிரே அயர்னுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 210 கேட்பது இழுவிசை வலிமையை. கெமிஸ்ட்ரியை எங்கே வைப்பது என்பது பவுண்டரிக்காரர் பொறுப்பு. ஆகவே கெமிஸ்ட்ரி சரியாக இருந்ததா என்று வெளியாள் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறு எதற்கும் மாறாவிட்டாலும் இதை மட்டும் இன்றைக்கே மாற்றலாம். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும்: "மூணு, புள்ளி, ஒண்ணு, அஞ்சு". கேட்டவர் அதே மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும். பைசா செலவில்லை.

நோட்டின் நல்ல குணங்களையும் சொல்ல வேண்டும். கரன்ட் போனாலும் நோட்டு வேலை செய்யும். அடித்துத் திருத்தினால் பழைய எண் அடியில் தெரியும், பக்கத்தில் கையெழுத்து இருக்கும். டெஸ்டிங் லேபுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையே, எதைத் திருத்தினாலும் முதலில் இருந்த பதிவு தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறது. தேடுவதில்தான் நோட்டு கைவிடும். நான்கு மாதப் பழைய ஹீட்டைத் தேட மூன்று ரிஜிஸ்டரைப் புரட்ட வேண்டும். மூன்று மாதமாக சல்ஃபர் மெல்ல ஏறிக்கொண்டே வருகிறது என்பது எந்தப் பக்கத்திலும் தெரியாது; ஒவ்வொரு பக்கத்திலும் அது வரம்புக்குள்தான் இருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்

இப்போது நிறைய இடத்தில் இதுதான் நடக்கிறது. கெமிஸ்ட் திரையைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறார். மெல்டர், சூப்பர்வைசர், முதலாளி எல்லோருக்கும் ஒரே நொடியில் போய்விடும். திரும்ப எழுதும் வேலை இல்லை, காதில் விழும் தப்பும் இல்லை. என் அளவுகோலில் முதல் வேலைக்கு வாட்ஸ்அப் நோட்டை விடப் பல படி மேலே என்பதை மறுக்க மாட்டேன்.

இரண்டாவது வேலைக்குத்தான் உதவாது. போட்டோவுக்குள் இருக்கும் எண்ணை வைத்துக் கணக்குப் போட முடியாது, வரைபடம் போட முடியாது. போட்டோவில் ஹீட் நம்பர் விழவில்லை என்றால் அது எந்த ஹீட் என்று நேரத்தை வைத்து ஊகிக்க வேண்டும். நடுவில் சித்திரைத் திருவிழா வாழ்த்து, ஸ்க்ராப் லாரி வந்த செய்தி, ஒருவர் லீவு கேட்ட செய்தி எல்லாம் கலந்து கிடக்கும். கெமிஸ்ட் வேலையை விட்டுப் போனால் அவர் போனும் கூடவே போகும். கஸ்டமர் டிராயிங் பெயரும் கிரேடும் சேர்ந்து தெரியும் போட்டோ யார் யார் போனிலோ கிடப்பதும் நல்லதில்லை.

அதனால் வாட்ஸ்அப்பை மணி அடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "ஹீட் 7 ரிசல்ட் வந்தாச்சு, திரையைப் பாருங்க" என்ற அளவுக்கு. பதிவேடு வேறு இடத்தில் இருக்கட்டும்.

எக்செல்: உதவியும் உண்டு, குழியும் உண்டு

எக்செல்லைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஃபர்னஸில் எதை எவ்வளவு போடுவது என்ற சார்ஜ் கணக்குக்கு அதை விட வசதியானது எதுவும் கிடையாது. கார்பனும் சிலிக்கானும் பாஸ்பரஸும் போட்டால் கார்பன் ஈக்குவலன்ட் (மூன்றின் விளைவையும் சேர்த்து ஒரே கார்பன் எண்ணாகச் சொல்வது) தானாக வரும்: சிலிக்கானையும் பாஸ்பரஸையும் கூட்டி மூன்றால் வகுத்து கார்பனோடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஃபர்னஸில் எத்தனை கிலோ இருக்கிறது, குறி என்ன, ஃபெரோ சிலிக்கானின் சதவீதம் என்ன, அதில் எவ்வளவு உலோகத்தில் தங்கும் என்று நாலு கட்டம் வைத்துவிட்டால், எத்தனை கிலோ சேர்க்க வேண்டும் என்று ஐந்தாவது கட்டம் சொல்லிவிடும். மெல்டர் மனக்கணக்குப் போடும் நேரம் மிச்சம்.

ஆனால் அந்தக் கட்டத்துக்குள் எண் போவது யார் கையால்? கெமிஸ்ட் திரையைப் பார்த்துத் தட்டுகிறார். ஒரு ஹீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு தனிமம், நாளைக்கு இருபது ஹீட் என்றால் இருநூறு எண்ணுக்கு மேல். 3.45-ஐ 3.54 என்று தட்டினாலும் எக்செல் ஒன்றும் சொல்லாது.

எக்செல் தானாகச் செய்யும் சில வேலைகளும் லேபுக்கு ஆகாதவை. ஹீட் நம்பரை 3-12 என்று போட்டால் அதைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். 0417 என்று போட்டால் முன்னால் இருக்கும் சுழியத்தைத் தின்றுவிடும். 12இ5 என்பதை ஆங்கில எழுத்தில் போட்டீர்கள் என்றால், பன்னிரண்டுக்குப் பின்னால் ஐந்து சுழியம் கொண்ட எண் என்று எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் 0.040 என்று தட்டினால் 0.04 என்று காட்டும். இது சின்ன விஷயம்போலத் தெரியும். டிஎம்டி கம்பிக்கான ஐ.எஸ். 1786-ல் எஃப்இ 500டி கிரேடுக்கு பாஸ்பரஸ் வரம்பே 0.040 சதவீதம். கட்டத்தில் 0.04 என்று மட்டும் இருந்தால் அது 0.040-ஆ, இல்லை 0.044-ஐ யாராவது சுருக்கி எழுதியதா என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது. ஒன்று பாஸ், இன்னொன்று ஃபெயில்.

இதற்கெல்லாம் வழி உண்டு. ஹீட் நம்பர் போடும் வரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். தனிமத்தின் வரிசைகளுக்கு மூன்று தசம இலக்கம் நிலையாக வைக்க வேண்டும். வரம்புக்கு வெளியே போனால் கட்டம் சிவப்பாகும்படி செய்ய வேண்டும். ஒரே ஃபைலை இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு பேர் வைத்துக்கொண்டு "எது லேட்டஸ்ட்" என்று தேடும் நிலை வரக் கூடாது என்றால் கூகுள் ஷீட் நல்லது. யார் எந்தக் கட்டத்தை எப்போது மாற்றினார் என்ற வரலாறும் அதில் இருக்கும். நெட் போனால் அதுவும் நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இவ்வளவு ஒழுங்கு செய்த பிறகும் கையால் தட்டும் வேலை போகவில்லை. ஆகவே எக்செல் கணக்குப் போடும் இடமாக இருக்கட்டும், மூலப் பதிவு அங்கே வேண்டாம்.

ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியது

எனக்கு மனக்குறை இங்கேதான். ஸ்பெக்ட்ரோமீட்டரோடு வரும் சாஃப்ட்வேர் ஒவ்வொரு பர்னையும் தேதி, நேரத்தோடு தனக்குள் சேமித்து வைக்கிறது. கிரேடு வாரியாக மேல் வரம்பு, கீழ் வரம்பு வைக்கலாம். தாண்டினால் நிறம் மாறிக் காட்டும். சாம்பிள் பெயரை வைத்துத் தேடலாம், பிரின்ட் எடுக்கலாம், எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி ஃபைலாக வெளியே அனுப்பலாம். லட்சக்கணக்கில் கொடுத்த விலையில் இதுவும் சேர்த்தி. இருந்தும் பல லேபுகளில் திரையைப் பார்த்து நோட்டில் எழுதுவதோடு அதன் பயன் முடிந்துவிடுகிறது.

காரணம் சாம்பிள் பெயர். அவசரத்தில் கெமிஸ்ட் அந்த இடத்தில் 1 என்றோ, டெஸ்ட் என்றோ, விசைப்பலகையில் கைக்கு வந்ததையோ தட்டிவிட்டு ஸ்பார்க் கொடுத்துவிடுவார். நாலு மாதம் கழித்துத் தேடினால் டெஸ்ட் என்ற பெயரில் எழுநூறு பதிவு வரும். எது எந்த ஹீட் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எண் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, எதற்கும் உதவாது.

ஒரு நல்ல ஹீட் நம்பர் முறை இருந்தால் இது தீரும். ஆண்டு, மாதம், தேதி, ஃபர்னஸ், அன்றைய எத்தனையாவது ஹீட், எந்தக் கட்டத்துச் சாம்பிள் என்பதெல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். முதல் சாம்பிள், திருத்திய பின் எடுத்த சாம்பிள், எஸ்ஜி என்றால் ட்ரீட்மென்டுக்குப் பின் எடுத்தது, மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். காஸ்டிங்கில் எழுந்து நிற்கும் ஹீட் குறியீடும் இதுவும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு எண் லேபில், இன்னொன்று ஃபர்னஸ் லாக்கில், வேறொன்று காஸ்டிங்கில் என்று மூன்று இருந்தால் எந்த சாஃப்ட்வேராலும் அதை இணைக்க முடியாது. சாம்பிள் எடுப்பவரே காயினோடு சேர்த்து ஹீட் நம்பர் எழுதிய சீட்டைக் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாத காயினை கெமிஸ்ட் வாங்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் சண்டை வரும். அப்புறம் பழகிவிடும்.

காலையில் செக் சாம்பிள் (தனிம அளவு முன்பே தெரிந்த சாம்பிள்) அடித்த எண்களையும் அதே சாஃப்ட்வேரில் தனிப் பெயரில் சேர்த்து வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் லேப் ஏசி திணறும் நாட்களில் மெஷின் கொஞ்சம் நகர்ந்துவிடும். செக் சாம்பிளின் கார்பன் ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டு போவது அந்தப் பதிவைப் பார்த்தால்தான் தெரியும். தப்பான எண்ணை வேகமாக ஃபர்னஸுக்கு அனுப்பி என்ன பயன்?

ஃபர்னஸ் பக்கம் ஒரு திரை

மெஷினிலிருந்து எண் மனிதக் கை படாமல் மெல்டர் கண்ணுக்குப் போக வேண்டும் என்றால் இதுதான் வழி. இரண்டு விதமாகச் செய்யலாம்.

எளிய விதம், ஸ்பெக்ட்ரோ கம்ப்யூட்டரின் திரையை ஒரு கேபிள் இழுத்து இன்னொரு மானிட்டரில் காட்டுவது. லேபும் ஃபர்னஸும் பக்கத்தில் பக்கத்தில் என்றால் ஒரே நாளில் முடிந்துவிடும். மானிட்டரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், மண் தூசி இரண்டே மாதத்தில் ஃபேனை அடைத்துவிடும். ஆனால் கெமிஸ்ட் வேறு எதையாவது திறந்தால் மெல்டருக்கும் அதுதான் தெரியும். முந்தைய ஹீட் தெரியாது, எவ்வளவு சேர்க்க வேண்டும் என்றும் தெரியாது.

அடுத்த விதம், ஒரு சின்ன புரோகிராம் எழுதி வாங்குவது. ஸ்பெக்ட்ரோ சாஃப்ட்வேர் ஒவ்வொரு ரிசல்ட்டையும் ஒரு ஃபோல்டரில் சிஎஸ்வி ஃபைலாகப் போடும்; பழைய மெஷின் என்றால் சீரியல் போர்ட் வழியாக அனுப்பும். புரோகிராம் அதை எடுத்து டேட்டாபேஸில் சேர்க்கும். எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் இரண்டுமே இலவசம், நம் அளவுக்கு எஸ்கியூலைட்டே தாராளம். ஃபர்னஸ் பக்கம் இருக்கும் திரையில் ஹீட் நம்பர், கிரேடு, நாலைந்து முக்கியமான தனிமம், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கணக்கு, சாம்பிள் எடுத்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதெல்லாம் பெரிய எழுத்தில் வரும். கடைசியாகச் சொன்ன நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். எண் பழையதா புதியதா என்று மெல்டருக்கு அதுதான் சொல்லும்.

எஸ்ஜி அயர்னில் இதற்கு இன்னொரு பயன். கடைசிச் சாம்பிளின் ரிசல்ட் வரும்போது பெரும்பாலும் ஊற்றி முடிந்திருக்கும். மெக்னீசியம் 0.028 என்று வந்தால் திருத்த முடியாது. அந்த லேடிலிலிருந்து (உலோகம் ஊற்றும் வாளி) ஊற்றிய மோல்டு பெட்டிகளைத் தனியாக நிறுத்தி, மைக்ரோஸ்கோப்பில் கிராஃபைட் உருண்டையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிறுத்தும் கட்டளை, வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங்குக்குப் போவதற்குள் காஸ்டிங் எல்லாம் கலந்துவிட்டால் கதை முடிந்தது. வரம்புக்குக் கீழே வந்தவுடன் திரையில் நிறுத்து என்று சிவப்பில் வந்து, ஃபெட்லிங் சூப்பர்வைசர் போனிலும் மணி அடித்தால் கலப்பதற்கு முன் பிடித்துவிடலாம். நான் இந்த வழியைச் சிபாரிசு செய்வதற்கு இதுவே பெரிய காரணம்.

ஆபத்து எழுதிக் கொடுத்த ஆளிடம்தான் இருக்கிறது. மதுரையில் இன்ஜினியரிங் காலேஜுக்குப் பஞ்சமில்லை, நன்றாக எழுதித் தரும் பிள்ளைகள் கிடைப்பார்கள். அந்தத் தம்பி பெங்களூர் வேலைக்குப் போய்விட்டால் அடுத்து யார்? சோர்ஸ் கோடு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், பாஸ்வேர்ட் எல்லாம் ஒரு தாளில் முதலாளியிடம் இருக்க வேண்டும், எப்படி நிறுவுவது என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி வாங்க வேண்டும். கடைசித் தவணையை இது மூன்றும் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். புரோகிராம் ஸ்பெக்ட்ரோ சாஃப்ட்வேரின் உள்ளே கை வைக்கக் கூடாது, அது வெளியே போடும் ஃபைலை மட்டும் படிக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் மெஷின் சர்வீஸ் ஆள் வந்து கையை விரித்துவிடுவார்.

லிம்ஸ் யாருக்கு?

லேப் தகவல் மேலாண்மைக்கென்றே விற்கும் லிம்ஸ் சாஃப்ட்வேர்கள் நல்லவைதான். யார் உள்ளே வந்தார், எதை மாற்றினார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்று எல்லாவற்றுக்கும் சுவடு இருக்கும். டெஸ்டிங் லேபுகளை அங்கீகரிக்கும் என்.ஏ.பி.எல். வாரியத்தின் அங்கீகாரம் வாங்கி வெளியாருக்கு டெஸ்ட் செய்து கொடுக்கும் லேபுக்கு இது ஏறக்குறைய தேவை. 17025-ன் 2017 பதிப்பில் தரவுக் கட்டுப்பாட்டுக்கென்றே 7.11 என்று ஒரு பிரிவு இருக்கிறது. உருக்கி பில்லெட் (எஃகுக் கட்டை) வார்த்து டிஎம்டி உருட்டும் மில்லுக்கும் பொருந்தும். ஹீட் எண்ணிக்கை அதிகம், ஒவ்வொரு லாரியோடும் டெஸ்ட் சர்டிஃபிகேட் போக வேண்டும், ஒவ்வொரு கிரேடுக்கும் வரம்பு வேறு. எஃப்இ 500-க்கு சல்ஃபர் 0.055 வரை ஆகும், 500டி-க்கு 0.040-தான். சர்டிஃபிகேட்டைக் கையால் தட்டுவது அங்கே தாங்காது.

நாளைக்குப் பன்னிரண்டு ஹீட் ஓடும் பவுண்டரிக்கு இது அதிகம். ஆண்டுக் கட்டணம் ஒரு பக்கம். அதை விட, அதற்குள் கிரேடு, கஸ்டமர், டெஸ்ட் முறை எல்லாவற்றையும் ஏற்றி, புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்களிடம் இருப்பது அந்த ஒரே கெமிஸ்ட்தான், அவருக்கு ஏற்கெனவே மணல் டெஸ்டும் ஹார்ட்னஸும் கையில் இருக்கின்றன. ஆறு மாதம் பாதி ஏற்றிய லிம்ஸும் பாதி எழுதிய நோட்டும் சேர்ந்து ஓடினால் முன்பு இருந்ததை விட மோசம். ஸ்பெக்ட்ரோவிலிருந்து நேராக எண்ணை எடுக்கும் வசதிக்குத் தனி விலையா என்றும் கேளுங்கள். அது இல்லாத லிம்ஸ் என்றால் அங்கேயும் கெமிஸ்ட் தட்டிக்கொண்டுதான் இருப்பார்.

சொந்தமாக ஸ்பெக்ட்ரோ இல்லாதவர்கள் வெளி லேபுக்கு காயின் அனுப்பி, பிடிஎஃப் வாங்குகிறார்கள். அவர்களுக்கு முதல் வேலையை அந்த எண் செய்யவே முடியாது, வருவதற்குள் காஸ்டிங்கே ஆறிவிடும். ஃபர்னஸ் பக்கம், கார்பன் ஈக்குவலன்ட் அளக்கும் சிஇ மீட்டர் வைத்துக்கொள்வது நல்லது. டெல்லூரியம் பூசிய கப்பில் ஊற்றினால், இறுகும் சூட்டை வைத்து இரண்டு மூன்று நிமிடத்தில் கார்பன் ஈக்குவலன்டும் கார்பனும் சொல்லும். சிலிக்கானையும் மதிப்பிட்டுத் தரும். வெளி லேப் பிடிஎஃப்பை ஹீட் நம்பரையே ஃபைல் பெயராக வைத்து மாத வாரியாகச் சேர்த்துவந்தால் போதும், இப்போதைக்கு வேறு செலவு வேண்டாம்.

கரன்ட் போகும் நாளுக்கு

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளும், அறிவிக்காமல் போகும் கரன்டும் இருக்கத்தான் செய்யும். ஸ்பெக்ட்ரோ கம்ப்யூட்டருக்கும் ஃபர்னஸ் திரைக்கும் யுபிஎஸ் வேண்டும். திரை இருண்ட நேரத்தில் எழுத, ஹீட் ரிஜிஸ்டர் அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். கரன்ட் வந்ததும் அந்த இடைவெளி ஹீட்டுகளை யார் டேட்டாபேஸில் ஏற்றுவது என்பதை ஷிஃப்ட் வாரியாக முன்பே பேசி வையுங்கள். கையால் ஏற்றியது என்ற குறியும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும்.

ஸ்பெக்ட்ரோ கம்ப்யூட்டர் பெரும்பாலும் மெஷினோடு வந்த பழைய கம்ப்யூட்டர், விண்டோஸும் பழசு. அதன் ஹார்ட் டிஸ்க் போனால் ரிசல்ட் மட்டும் போகாது, மெஷினின் காலிபரேஷனும் சேர்ந்து போய்விடும், சர்வீஸ் ஆள் வரும்வரை லேப் மூடிக் கிடக்கும். அதனால் இரண்டையும் பேக்கப் எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு பென் டிரைவிலும், தினம் இரவு ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் போகட்டும். அந்தப் பழைய விண்டோஸை இன்டர்நெட்டில் மட்டும் சேர்க்காதீர்கள், உள் நெட்வொர்க்கோடு நிற்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து, ஏதாவது ஒரு ஹீட்டை எடுத்து ரிஜிஸ்டரோடு ஒத்துப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.